கலப்பு மீன்தொட்டியில் மீன்கள் சாகின்றனவா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

மீன் செத்து மிதந்தால் பலர் உடனே செய்வது, கையில் இருக்கும் ஏதோ ஒரு நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றுவது. அதற்கும் அடங்கவில்லை என்றால் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, சரளையையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது. இரண்டுமே மிச்சமிருக்கும் மீன்களையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடியவை. புதிதாகத் தொட்டி வைத்தவர்களிடம் மீன் சாவது நோயால் என்பதைவிடத் தண்ணீரால்தான் அதிகம். நோய் வந்தாலும், அது பெரும்பாலும் கெட்ட தண்ணீரில் ஏற்கெனவே துவண்டுபோன மீனைத்தான் பிடிக்கிறது. அதனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மருந்து கடைசியில்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இன்னொரு பம்ப் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். அம்மோனியாவோ, நைட்ரைட்டோ (இரண்டும் மீன் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகள்), சூடோ, செவுள் நோயோ, எதுவானாலும் மீன் கடைசியில் திணறுவது மூச்சுக்குத்தான். காற்று கூடினால் கெடுதல் இல்லை. தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

பிறகு மீன்களை எண்ணுங்கள். கணக்கில் குறையும் மீன் ஃபில்டருக்குப் பின்னால், மரக்கட்டைக்கு அடியில், அல்லது தொட்டிக்கு வெளியே தரையில் கிடக்கலாம். நியான் டெட்ரா அளவு மீனை மற்ற மீன்களும் நத்தைகளும் ஒரே இரவில் தின்று தீர்த்துவிடும். விரல் நீள மீன் கல்லுக்கு அடியில் அழுகிக் கிடந்தால், சிறிய தொட்டியில் அதுவே அடுத்த சாவுக்குக் காரணமாகிவிடும்.

அடுத்தது, அநேகமாக எல்லோரும் மறப்பது: தண்ணீரை மாற்றும் முன்பு ஒரு சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்து, விளிம்பு வரை நிரப்பி மூடி வையுங்கள். அதுதான் சாட்சி. தண்ணீரை மாற்றிவிட்டுச் சோதித்தால் பாதிக் குற்றம் கழுவிப் போயிருக்கும். மாதிரியை அன்றைக்கே சோதியுங்கள். நேரம் போகப் போக பிஎச்சும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) அம்மோனியாவும் மாறிவிடும்.

மாதிரி எடுத்த பிறகு, குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றலாம். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பல மாதமாகத் தண்ணீர் மாற்றாத பழைய தொட்டி என்றால், பிஎச் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

எப்படிச் செத்தன?

எந்தச் சோதனைக்கும் முன்னால், சாவு வந்த விதத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மீன், எந்த நாள், காலையிலா மாலையிலா, கடைசியாகத் தொட்டியில் என்ன மாற்றினீர்கள். பாதி விடை இதிலேயே வந்துவிடும்.

ஒரே இரவில் முக்கால்வாசி மீன்கள் போய்விட்டன என்றால் அது பெரும்பாலும் நோய் அல்ல. மூச்சுத்திணறல், நஞ்சு, குளோரின், ஹீட்டர் கோளாறு, இவற்றில் ஒன்று. காலையில் பார்க்கும்போது பெரிய மீன்கள் செத்து, ஃபைட்டரும் கௌராமியும் மட்டும் தெம்பாக இருந்தால் ஆக்சிஜன் குறைவு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்த இரண்டும் மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். அடியில் மேயும் சிறு கெளுத்தியான கோரிடோராஸும் ஓரளவு அப்படியே. செடி அடர்ந்த தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறையும் நேரம் விடியலுக்குச் சற்று முன். இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.5 தான்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் செத்தால் புதுத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். புது மீன்கள் மட்டும் முதல் வாரத்தில் செத்து, பழையவை நன்றாக இருந்தால், பயணக் களைப்பு அல்லது தண்ணீர் மாறிய அதிர்ச்சி. பத்து நாள் கழித்துப் பழைய மீன்களும் சாகத் தொடங்கினால் புது மீனோடு நோய் வந்திருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று என எல்லா வகையிலும் சாவு நடந்தால் அம்மோனியா அல்லது நைட்ரைட். ஒரே வகை மீன் மட்டும் ஒவ்வொன்றாகப் போனால், அந்த வகைக்கு ஒவ்வாத தண்ணீர், அந்த வகையைத் தாக்கும் நோய், அல்லது அடிக்கும் மீன் ஒன்று.

செத்த மீனைத் தூக்கி எறியும் முன்

செத்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் பயன். கண் வெள்ளையாகி உடம்பு விறைத்துவிட்டால் அதில் படிப்பதற்கு அதிகம் இல்லை. ஈரமான வெள்ளைத் தட்டில் வைத்து, வெளிச்சத்தில், செவுள் மூடியை ஒரு ஈர்க்குச்சியால் தூக்கிப் பாருங்கள். நல்ல செவுள் அடர் சிவப்பு. காப்பித் தூள் நிறத்துக்குப் போயிருந்தால் நைட்ரைட் நஞ்சு. அது ரத்தத்தின் நிறத்தையே மாற்றிவிடும். வாய் பிளந்து, செவுள் மூடிகள் விரிந்தபடி செத்திருந்தால் மூச்சு முட்டியிருக்கிறது. செவுளில் வழவழவென்று கோழை நிறைந்திருந்தால் அம்மோனியா, குளோரின் அல்லது ஒட்டுண்ணி. துடுப்பு பிய்ந்தும் செதில் உதிர்ந்தும் இருந்தால் சண்டை. ஆனால் கண் இல்லை, வயிறு கிழிந்திருக்கிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். செத்த பிறகு மற்றவை தின்றதாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

தண்ணீரைச் சோதிப்பது

சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்குங்கள். தாள் பட்டைகளில் பெரும்பாலும் அம்மோனியாவே இருக்காது. நமக்கு முதலில் வேண்டியதோ அதுதான். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச், கார்பனேட் கடினத்தன்மை (பிஎச் சரியாமல் தாங்கும் கார்பனேட்டின் அளவு), இந்த ஐந்தையும் பாருங்கள். வெப்பமானியில் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே சோதனையைக் குழாய்த் தண்ணீருக்கும் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோளாறு தொட்டியில் விளைந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று தெரியும்.

சோதனையில் வழக்கமாக நேரும் பிழைகள்: நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலின் மருந்து அடியில் படிந்துவிடும். அதை அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். மஞ்சள் பல்பின் கீழ் அம்மோனியா நிறத்தைப் பார்த்தால் மஞ்சளா பச்சையா என்று பிடிபடாது. பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குளோரினை நீக்கப் போடும் வாட்டர் கண்டிஷனர்களில் சில அம்மோனியாவைக் கட்டிப்போட்டு நஞ்சில்லாமல் ஆக்கும், ஆனால் கிட் அதையும் சேர்த்தே காட்டும்.

இனி அளவுகள். பழகிய தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தெரிந்தாலே எங்கோ கணக்கு உதைக்கிறது. நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. 100ஐத் தாண்டினாலும் அது ஒரே நாளில் கொல்லாது, மெல்ல மெல்ல மீனைத் துவளவைக்கும்.

அம்மோனியாவை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது, பிஎச்சோடு சேர்த்தே படிக்க வேண்டும். கிட் காட்டும் மொத்த அம்மோனியாவில், 25 டிகிரி சூட்டில், பிஎச் 7 என்றால் சுமார் 0.6 சதவீதம்தான் கொல்லும் வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் அது 5 சதவீதத்துக்கு மேல். ஆக, 1 பிபிஎம் அம்மோனியா பிஎச் 7இல் ஓரளவு தாங்கக் கூடியது. பிஎச் 8இல் செவுளை எரிக்கும் அளவை எட்டிவிடும். ஒருவர் தொட்டியில் பிழைத்த அதே அளவில் இன்னொருவர் தொட்டியில் மீன்கள் சாவது இதனால்தான்.

அம்மோனியா அல்லது நைட்ரைட் இருந்தால்

தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகவில்லை என்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ‘தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் ஓடவிட்டேன்’ என்பதெல்லாம் கணக்கில் வராது. தண்ணீருக்கு மருந்து ஒன்றும் தேவையில்லை, பாக்டீரியாவுக்கு நேரம்தான் தேவை.

பழைய தொட்டியில் திடீரென்று ஏறினால், அண்மையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா? பஞ்சு, செராமிக் வளையம் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றினீர்களா? மருந்து போட்டீர்களா? ஒரேயடியாகப் பத்து மீன்கள் விட்டீர்களா? ஊரில் இல்லாதபோது வேறொருவர் தீனி போட்டாரா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்காத தீனி எல்லாம் அம்மோனியாதான்.

மின்வெட்டும் ஒரு காரணம். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் செத்து, தண்ணீர் அழுகும். மின்சாரம் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீரை அது அப்படியே தொட்டிக்குள் தள்ளும். நெடுநேரம் நின்ற ஃபில்டரைத் திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓடவிடுங்கள்.

சரிசெய்ய, முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். 60 × 30 × 30 தொட்டி 54 லிட்டர். சரளையும் கல்லும் போக 46 முதல் 48 லிட்டர் வரும். மருந்தும் உப்பும் இந்த மீதிக் கணக்குக்குத்தான். பாதித் தண்ணீரை மாற்றினால் 2 பிபிஎம் 1 ஆகும், அவ்வளவுதான். மாயம் எதுவும் இல்லை. எனவே அளவு 0.5க்குக் கீழ் வரும்வரை தினமும் சோதித்து, 30 முதல் 50 சதவீதம் மாற்றிக்கொண்டே இருங்கள். நைட்ரைட் இருந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம் சாதாரண உப்பைக் கரைத்துச் சேருங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். இந்த அளவை கோரிடோராஸும் செடிகளும் தாங்கும். தண்ணீர் மாற்றும்போது, வெளியே எடுத்த தண்ணீருக்கான உப்பை மட்டும் திரும்பப் போடுங்கள்.

பழைய தொட்டியின் பொறி

ஒரு வருடமாக ஒன்றும் ஆகாமல் ஓடிய தொட்டி. தண்ணீர் மாற்றியதில்லை, ஆவியானதற்கு மட்டும் ஊற்றியதுண்டு. ஒரு நாள் நன்றாகச் சுத்தம் செய்து முக்கால் பங்கு மாற்றுகிறார்கள்; மறுநாள் எல்லாம் போய்விடுகின்றன. நடப்பது இது: பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது தண்ணீரின் கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அது தீர்ந்ததும் பிஎச் 6க்குக் கீழே சரியும். அங்கே பாக்டீரியாக்களின் வேலையும் ஏறக்குறைய நின்று, அம்மோனியா சேரும். பிஎச் குறைவாக இருப்பதால் அந்த அம்மோனியா கடிக்காது. 7.8 பிஎச் உள்ள புதுத் தண்ணீர் உள்ளே வந்த நிமிடத்தில் அத்தனையும் விழித்துக்கொள்ளும்.

ஆகவே பிஎச் 6.5க்குக் கீழும் அம்மோனியா தூக்கலாகவும் இருந்தால், அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனரைப் போட்டு, ஒரு நாளுக்கு 10 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரத்தில் மெல்ல நிமிரும். கார்பனேட் கடினத்தன்மை 3 டிகிரிக்குக் (இது சூட்டின் டிகிரி அல்ல, கடினத்தன்மையின் அலகு) கீழே நிற்கும் தொட்டிக்கு, ஒரு கைப்பிடி நொறுக்கிய பவளக்கல்லைச் சிறு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைப்பது நல்ல தடுப்பு.

புதுத் தண்ணீர்

குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் போகும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் போகாது. உங்கள் ஊர்க் குழாயில் எது வருகிறது என்று தெரியாவிட்டால் குளோரமைன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலிவான ஆன்டி-குளோரின் படிகம் சோடியம் தயோசல்பேட். அது குளோரமைனை உடைக்கும், ஆனால் உடைத்ததிலிருந்து வரும் அம்மோனியாவை விட்டுவிடும். தண்ணீரை நேரே தொட்டியில் ஊற்றுகிறவர்கள் ஊற்றும் அளவுக்கல்ல, முழுத் தொட்டிக்கும் சேர்த்துக் கண்டிஷனர் போட வேண்டும்.

ஆழ்குழாய்த் தண்ணீரில் குளோரின் இல்லை என்பதால் நேரடியாக ஊற்றலாம் என்று நினைப்பதுண்டு. பூமியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு தூக்கலாகவும் இருக்கக்கூடும். ஒரு பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் பிஎச் பாருங்கள். இரண்டுக்கும் அரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இனி ஒவ்வொரு முறையும் அப்படி ஆற விட்டே பயன்படுத்துங்கள். சூட்டு வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும்.

வெளியிலிருந்து வந்த நஞ்சு

சோதனை எல்லாம் சுத்தம், ஆனால் மீன்கள் சுழன்று, துள்ளி, கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்றால் அறையைப் பாருங்கள். கொசுவர்த்தி, கொசு விரட்டும் திரவம், கரப்பான் ஸ்பிரே, இவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு லேசானவை; மீனுக்கும் இறாலுக்கும் கொடியவை. ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மேலே மூடி இருக்கிறது என்பது இங்கே உதவாது. இறால்கள் முதலில் செத்து நத்தைகள் பிழைத்திருந்தால் பூச்சிமருந்து பக்கமும், நத்தையும் சேர்ந்து செத்திருந்தால் தாமிரம் பக்கமும் சந்தேகம் சாயட்டும். பெயின்ட், தரை துடைக்கும் திரவம், சோப்புக் கை, துணி ஊறவைத்த பக்கெட் எல்லாம் இதே பட்டியல். சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றி, ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள்.

ஒன்றாக வாழ முடியாதவை

ஒரே தொட்டியில் விற்கிறார்கள் என்பதற்காக அவை ஒத்துப்போகும் என்று பொருளில்லை. ஆறுக்குக் குறைவான டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பை விடாது. வளர்ந்த ஏஞ்சல் வாயில் நியான் டெட்ரா அடங்கும். ஃபைட்டர், நீள வால் கப்பியை இன்னொரு ஃபைட்டராகவே பார்க்கும். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவும் அதிகம், மற்றவற்றோடு போடாதீர்கள். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பசித்த சக்கர் மீன், அகலமான மீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கோழையை உறிஞ்சுவதை அப்போதுதான் பிடிக்கலாம். மோலி நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் அதற்கு மிக மென்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி நோய்

தண்ணீர் சரி, சூடு சரி, சண்டை இல்லை என்று உறுதியான பிறகே இங்கே வாருங்கள். உப்புத் தூவியது போன்ற புள்ளிகள் வெண்புள்ளி நோய். மீன் மேல் ஒட்டியிருக்கும் புள்ளியை மருந்து தொடாது. அது விழுந்து, குட்டி போட்டு, நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். சூட்டை 28, 29 டிகிரிக்கு மெல்ல ஏற்றினால் அந்தச் சுற்று வேகமாகும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் மூன்று நாள் மருந்தை நிறுத்தாதீர்கள். டெட்ரா வகைகளுக்கு, வெண்புள்ளி மருந்தான மலக்கைட் கிரீன் பாதி அளவே.

முதுகில் சேணம் போட்டாற்போல் சாம்பல் திட்டு, வாயோரம் பஞ்சு போல வெள்ளை என்றால் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். பூஞ்சை என்று நினைத்துச் சூட்டை ஏற்றுவது இதில் பெரிய தவறு. சூட்டில் இது ஒன்றிரண்டு நாளில் தொட்டியைக் காலி செய்யும். சூட்டை 24 டிகிரிக்கு இறக்கி, நோயுற்றதைப் பிரித்து, பாக்டீரியாவுக்கான மருந்து கொடுங்கள். கப்பியின் கழிவுத் துவாரத்தில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் கமல்லானஸ் புழு, அதற்கு லெவமிசோல். செதில்கள் சிலிர்த்து வயிறு ஊதிய மீன் பிழைப்பது அரிது. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக மெலிந்து, முதுகு வளைந்து செத்தால் மீன் காசநோயைச் சந்தேகியுங்கள். அது கையில் உள்ள காயம் வழியாக மனிதருக்கும் தொற்றும், கையுறை இல்லாமல் கைவிட வேண்டாம்.

எந்த மருந்தானாலும் ஃபில்டரில் உள்ள கார்பனை முதலில் எடுங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும். இறால், நத்தை உள்ள தொட்டியில் தாமிரம் கலந்தது வேண்டாம். மெத்திலீன் ப்ளூவைத் தனித் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பாக்டீரியாவையும் அது விடாது.

மறுபடி மீன் விடும்போது

கடைசிச் சாவிலிருந்து நான்கு வாரம் போகட்டும். வாங்கிய பையை மூடியபடியே 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். நெடுந்தூரம் வந்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அந்த அம்மோனியா நஞ்சாகும். எனவே திறந்த பிறகு மணிக்கணக்கில் சொட்டு சொட்டாகக் கலந்துகொண்டிருக்காமல், அரை மணி நேரத்துக்குள் மூன்று நான்கு முறை தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

முதலில் விடுவது தனித் தொட்டியில்: ஏற்கெனவே ஓடும் தொட்டியில் பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, தனி வலை, தனி பக்கெட். மூன்று நான்கு வாரம் அங்கே இருக்கட்டும். பிறகு பெரிய தொட்டிக்கு ஒரு தடவைக்கு மூன்று, நான்கு சிறு மீன்கள் மட்டும். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாகவே நின்றால், அடுத்த தொகுதியை இரண்டு வாரம் கழித்து விடலாம்.